படம் நல்லா இருக்கு, ஆள் யாருன்னுதான் தெரியலை: உடை, முடி, நிறத்தில் வரும் பழுதுகளும் சரி செய்யும் வழிகளும்

ஏப்ரல் 15 வந்துவிட்டால் எங்கள் கரையில் விசைப்படகுகளைக் கட்டிப்போட்டுவிடுவார்கள், ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். பள்ளிக்கூட விடுமுறையும் அதோடு சேர்ந்து வருவதால் அந்த இரண்டு மாதமும் என் வீட்டுத் திண்ணை நிறைந்திருக்கும். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துப் பிள்ளைகள், படகுக்குப் போகிற தம்பிகள் ஒன்றிரண்டு பேர், எல்லார் கையிலும் மொபைல், மொபைலில் இபிஸ் பெயின்ட் என்ற வரைகிற செயலி. கதை எழுதிப் படம் வரைகிறார்கள், சிலர் வீடியோ கேமுக்குக் கதாபாத்திரம் செய்கிறார்கள். கை வரைவதில், கால் வரைவதில் பிழை இருந்தால் அது பழகப் பழகப் போய்விடும். ஆனால் வருஷா வருஷம் ஒரே பழுதுதான் திரும்பத் திரும்ப வருகிறது: படம் அழகாக இருக்கிறது, அதில் நிற்பது யாரென்று மட்டும் தெரியவில்லை. அதற்கு நான் ஒவ்வொருவரிடமும் சொல்வதை அறிகுறி அறிகுறியாக இங்கே எழுதி வைக்கிறேன்.

உங்கள் படத்தில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் மேலே இருப்பது ஐந்து நிமிட வேலை, கீழே போகப் போக நேரமும் காசும் கூடும், அதனால் வரிசையை மாற்றாமல் பாருங்கள். தொடங்கும் முன் கோப்பை ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

## அறிகுறி 1: "நாலு பேரும் ஒரே ஆள் மாதிரி இருக்காங்க"

முதல் சோதனை. பாத்திரங்களை வரிசையாக நிறுத்துங்கள். லேயரில் ஆல்ஃபா லாக் (வரைந்த இடத்தைத் தாண்டி நிறம் போகாமல் பூட்டும் வசதி) போட்டு மொத்தத்தையும் கறுப்பால் நிரப்புங்கள். அப்புறம் படத்தைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கி, கதை தெரிந்த யாரிடமாவது காட்டி, எது யார் என்று கேளுங்கள். நீங்களே பார்த்தால் பயன் இல்லை, உங்களுக்குத்தான் பதில் தெரியுமே.

- கறுப்பில் அடையாளம் தெரிகிறது, நிறம் போட்டதும் குழம்புகிறது என்றால் அறிகுறி 4-க்குப் போங்கள்.
- கறுப்பிலேயே நாலும் ஒன்றாக இருந்தால் கீழே படியுங்கள்.

தலை. பெரும்பாலும் இங்கேதான் பழுது. பையன்களுக்கு எல்லாம் முன்னால் குத்திட்டு நிற்கும் முடி, பெண்களுக்கு எல்லாம் இடுப்பு வரை விரித்த முடி. வெளிக்கோட்டில் ஒருவருக்கொருவர் வேறுபட வேண்டும்: ஒருவருக்குத் தலையில் சும்மாடு, ஒருவருக்குத் தோளில் கிடக்கும் துண்டு, ஒருவருக்கு ஒட்ட வெட்டிய முடி, ஒருத்திக்கு மடித்துக் கட்டிய இரட்டைப் பின்னல். ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசம் இருக்கிறது, ஒரு தரம் போய்ப் பாருங்கள். 18-ஆம் நூற்றாண்டுச் சுவர் ஓவியங்கள். அத்தனை கூட்டத்துக்கு நடுவிலும் சேதுபதி மன்னர் யார், வெள்ளைக்காரர் யார் என்று நாம் தேடுவதில்லை, தலையில் இருப்பதும் உடையின் உருவமும் தூரத்திலேயே சொல்லிவிடுகிறது. சாயம் மங்கிய இடத்திலும் அது வேலை செய்கிறது என்பதைக் கவனியுங்கள்.

கீழ் விளிம்பு. உடை எங்கே முடிகிறது? முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய கைலியும், கணுக்கால் வரை இறக்கி விட்ட கைலியும் ஒரே துணிதான், ஆனால் இரண்டு ஆள். மரியாதைக்குரியவர் எதிரே வந்தால் மடித்ததை இறக்கி விடுகிறவர் ஒரு குணம், அப்படியே நிற்கிறவர் வேறு குணம். இதற்கு ஒரு கோடுகூட அதிகம் வரைய வேண்டாம்.

உடம்பு. எல்லாருக்கும் ஒரே உடம்பை நகல் எடுத்து அதன் மேல் உடை போட்டிருக்கிறீர்களா? அப்படியானால் உடையை மாற்றிப் பிரயோஜனம் இல்லை. உயரம், தோள், கழுத்து, நிற்கும் விதம், இவற்றை முதலில் மாற்றுங்கள்.

கதை. இதெல்லாம் செய்தும் இரண்டு பேர் ஒன்றாகவே தெரிந்தால், கதையிலும் அவர்கள் ஒரே ஆளாகத்தான் இருப்பார்கள். ஒருவர் பேசும் வசனத்தை இன்னொருவர் வாயில் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் வரைவதை நிறுத்திவிட்டுக் கதை எழுதியவரைக் கூப்பிட வேண்டிய இடம் இதுதான். இரண்டு பேரை ஒருவராக்கச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

## அறிகுறி 2: "உடுப்பு நல்லாத்தான் இருக்கு, ஆனா ஆளைக் காணோம்"

எனக்கு மிகவும் வேண்டிய தலைப்பு இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சின்னப்பாலத்திலிருந்து வரும் ஒரு பெண் கடல்பாசி எடுக்கும் ஒரு அம்மாவை வரைந்து கொண்டு வந்தாள். கரை வைத்த சேலை, தலை நிறைய மல்லிகைப்பூ, இடுப்பில் கூடை. அழகான படம். ஆனால் அவளுடைய சொந்த அப்பத்தாவே பாசிக்குப் போகிறவர்! "உன் அப்பத்தா இப்படியா போவாங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இல்லக்கா, அது பாக்க நல்லா இருக்காதுன்னு மாத்திட்டேன்" என்றாள்.

வீட்டுக்குப் போய் அப்பத்தாவைக் கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். மறுநாள் ஒரு பக்கம் நிறைய எழுதி வந்தாள். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை. பாறையில் பாசி பறிக்கும்போது கிழிக்காமல் இருக்க விரல் ஒவ்வொன்றிலும் சுற்றிய துணி. கண்ணாடி, அதன் ரப்பர் அழுத்திய தடம் நெற்றியில் சாயங்காலம் வரை இருக்கும். காலில் நீந்துவதற்குத் தகடு வெட்டிக் கட்டிய செருப்பு. பாசியைப் போட இடுப்பில் வலைப்பை. இவ்வளவும் தொழில், பாசிக்குப் போகிற எல்லாருக்கும் உண்டு. அதற்குக் கீழே அவள் எழுதியிருந்த இரண்டு வரிதான் எனக்கு வேண்டியது. அந்தச் சட்டை அவளுடைய சித்தப்பாவின் பழைய பள்ளிக்கூடச் சட்டை, பாக்கெட்டில் பேட்ஜ் தைத்திருந்த நூல் இன்னும் இருக்கிறது. அப்புறம், அப்பத்தா விரல் துணியை முந்தின நாள் ராத்திரியே கிழித்து, அளவு பார்த்து, சுருட்டி வைத்துவிடுவார், பக்கத்து வீட்டு அத்தை படகில் ஏறிய பிறகு கையில் கிடைத்த துணியைப் பல்லால் கடித்துக் கட்டுவார்.

ஒரே தொழில், ஒரே உடை, இரண்டு மனுஷிகள். அப்பத்தாவின் விரல்களில் ஒரே அகலத்தில், ஒரே நிறத்தில் ஒழுங்கான சுற்று. அத்தையின் விரல்களில் ஒன்று சிவப்பு, ஒன்று பூப்போட்டது, ஒரு முடிச்சு தொங்குகிறது. முகமே வரையாமல் இந்த இரண்டு கைகளை மட்டும் வரைந்தாலும் யார் யாரென்று தெரிந்துவிடும்.

இனி உங்கள் படம்.

உடை கடையிலிருந்து இப்போதுதான் வந்ததா? மலிவான காரணம், முதலில் இதைப் பாருங்கள். வேலை செய்கிறவர் உடையில் எல்லா இடமும் ஒரே மாதிரித் தேயாது. தோளிலும் முதுகிலும் வெயில் பட்டு வெளுத்திருக்கும், அக்குளுக்குக் கீழே பழைய நிறம் அப்படியே இருக்கும். கடல் தண்ணீர் நனைத்துக் காய்ந்த உயரத்தில் கைலியில் வெள்ளையாக உப்புக் கோடு விழும். அழுக்கை எல்லா இடத்திலும் பிரஷ்ஷால் தூவுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. இரண்டே இடத்தில் போடுங்கள், ஆனால் சரியான இடத்தில் போடுங்கள். எங்கே என்று தெரியாவிட்டால் அந்த ஆள் நேற்று என்ன வேலை செய்தார் என்று ஒரு வரி எழுதுங்கள், இடம் தானாகத் தெரியும்.

உடை தொழிலை மட்டும்தான் சொல்கிறதா? மீனவர் என்றால் கைலி, டீச்சர் என்றால் சேலை, போலீஸ் என்றால் காக்கி. இது சீருடை, குணம் இதில் இல்லை. மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த உடையில் அவருக்கு வேறொருவர் வாங்கித் தந்தது எது? அவராகவே ஆசைப்பட்டுத் தேர்ந்தது எது? எதை மறைக்க எதைப் போட்டிருக்கிறார்? மூன்றுக்கும் பதில் வேண்டும் என்று இல்லை. ஒன்றுக்குக் கிடைத்தால் போதும், படம் மாறிவிடும். காக்கிச் சட்டைக்குள் பையில் சீப்பு வைத்திருக்கும் போலீஸ்காரரை எனக்கு உடனே பிடித்துவிடும்.

அதிகமாகப் போட்டுவிட்டீர்களா? கழுத்தில் சங்கிலி, கையில் கயிறு, காதில் வளையம், தோளில் பை, பையில் பொம்மை. ஒவ்வொன்றாக அழித்துப் பாருங்கள். ஒன்று போனதையே நண்பர் கவனிக்கவில்லை என்றால் அது அங்கே இருந்திருக்கவே வேண்டாம்.

உங்களுக்கே அந்த ஆளைத் தெரியாதா? இது ஒரு நாள் செலவு. ஏலம் நடக்கிற நேரம் கரைக்குப் போய் ஒரு ஓரமாக உட்காருங்கள். போட்டோ எடுக்காதீர்கள், எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். சின்ன நோட்டில் உடையை மட்டும் கோடாக வரையுங்கள், யார் சேலையை எங்கே செருகியிருக்கிறார், யார் பணத்தை எங்கே வைக்கிறார் என்று. சுருக்குப்பை, இடுப்பு மடிப்பு, ஜாக்கெட்டுக்குள், மொபைல் கவருக்குப் பின்னால், இதில் எது என்பதிலேயே வயசும் குணமும் வந்துவிடுகிறது.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: உங்களுக்குத் தெரியாத தொழில், தெரியாத ஊர், தெரியாத உடைக்கட்டு என்றால் அந்த வேலையைச் செய்கிறவர்தான் நிபுணர். கீழக்கரைப் பக்கம் சங்கு குளிக்கிறவரைப் பற்றி வரைய வேண்டும் என்றால் அவரிடம் போங்கள். அவர் ஒரு நாள் தொழிலுக்குப் போகாமல் உட்கார்ந்து உங்களுக்குச் சொன்னால் அன்றைய வருமானம் போய்விடும். அதைக் கொடுத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும், டீ வாங்கிக் கொடுத்தால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். துணி எங்கே இழுக்கும், எங்கே மடியும் என்பதற்கு ஊர்த் தையல்காரரைக் கேளுங்கள். பத்து நிமிஷத்தில் அவர் தொட்டுக் காட்டுவதை எந்த வீடியோவிலும் நான் பார்த்ததில்லை.

## அறிகுறி 3: "முடி தொப்பி மாதிரி உக்காந்திருக்கு"

முடி தொடங்கும் கோடு இருக்கிறதா? நெற்றியில் முடி முளைக்கும் இடமும் வகிடும் இல்லாமல் மேலே ஒரு கறுப்பு மூட்டையை வைத்தால் தொப்பியாகத்தான் தெரியும். மண்டையை முதலில் வரைந்து, வகிடு போட்டு, அங்கிருந்து முடி எந்தப் பக்கம் விழுகிறது என்று நாலைந்து அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

இழை இழையாக வரைகிறீர்களா? நிறுத்துங்கள். மொத்தமாக மூன்று நான்கு கற்றை, விளிம்பில் மட்டும் இரண்டு மூன்று இழை பிரிந்தால் போதும்.

காற்று எங்கே? பாம்பன் கரையில் நிற்கும் ஆளின் முடி கண்ணாடி முன்னால் சீவியபடியே இருந்தால் யாரும் நம்பமாட்டார்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இங்கே பிடரியை மறைக்கும் முடி முகத்துக்கு வந்துவிடும். கதையில் எந்தக் காற்று என்று முடிவு செய்துவிட்டு முடி, சேலைத் தலைப்பு, கைலி ஓரம் மூன்றையும் ஒரே பக்கம் பறக்க விடுங்கள். காற்றோடு ஒவ்வொருவரும் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதுதான் அப்புறம் குணம்: ஒருத்தி முன்கூட்டியே கொண்டை போட்டுத் துணி சுற்றி வந்திருக்கிறாள், ஒருத்தி ஒரு கையால் பிடித்துக்கொண்டே பேசுகிறாள், ஒருவன் கவலையே படவில்லை.

யார் சீவி விட்டது? எனக்குப் பிடித்த கேள்வி. அம்மா பின்னிய சடை இறுக்கமாக, இரண்டு பக்கமும் சமமாக இருக்கும், ரிப்பன் ஒரே உயரத்தில் நிற்கும். எட்டு வயதுப் பிள்ளை தானாகப் பின்னினால் ஒன்று மேலே, ஒன்று கீழே. அக்கா அவசரத்தில் பின்னியது வேறு. அம்மா இல்லாத வீடு என்பதை ஒரு வசனமும் இல்லாமல் இந்தச் சடை சொல்லிவிடும். தங்கச்சிமடம் மல்லிகை நாற்றுக்குப் பேர்போன ஊர், அங்கே பூ வைப்பது பெரிய விஷயமே இல்லை, அதனால் அங்கே ஒரு பெண் பூ வைக்காமல் இருந்தால்தான் ஏன் என்று வாசகர் கேட்பார். அதே பூவை வேறு ஊர்க் கதையில் வைத்தால் இந்தக் கேள்வி வராது.

நிறம் மட்டும் தப்பா? தினமும் கடலில் கிடக்கும் பிள்ளைகளின் முடி நுனி உப்பிலும் வெயிலிலும் செம்பட்டையாகிவிடும். எல்லாருக்கும் நீலக்கறுப்பு ஊற்றாதீர்கள். ஆனால் அந்தச் செம்பட்டையை வறுமைக்கு அடையாளமாகவும் ஆக்கிவிடாதீர்கள். இங்கே அது நல்ல நீச்சல்காரப் பிள்ளையின் முடி.

சுருட்டை முடி, மொட்டை அடித்து ஒரு மாதம் வளர்ந்த முடி, இவை இரண்டும் இத்தனை செய்தும் வரவில்லை என்றால் முடிவெட்டும் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பழுது தீர அதற்கு மேல் போக வேண்டி வந்ததே இல்லை.

## அறிகுறி 4: "கலர்ல ஏதோ தப்பு, என்னன்னு தெரியலை"

என்ன தப்பு என்று முதலில் பிரியுங்கள்.

### 4அ. கண்ணைக் குத்துகிறது

எல்லா நிறமும் ஒரே சத்தத்தில் கத்துகிறது. படத்தில் பெரும்பகுதி அடங்கிய ஒரு நிறம், அடுத்த பங்கு அதற்குத் துணை, கத்துகிற நிறம் கடைசியாகக் கொஞ்சம். நூறில் 60, 30, 10 என்று ஒரு பழைய கணக்கு உண்டு, அளவுகோல் வைத்து அளக்க வேண்டாம், ஆனால் அந்தப் பத்து எங்கே போகிறது என்பதில் கவனம் வேண்டும். கண் முதலில் போகும் இடம் அதுதான். செருப்பில் அந்த நிறத்தை வைத்துவிட்டு ஏன் எல்லாரும் காலையே பார்க்கிறார்கள் என்று கேட்காதீர்கள்.

### 4ஆ. சேறாகத் தெரிகிறது

நிழலுக்குக் கறுப்பைக் கலந்திருப்பீர்கள். அதுவும் மாநிற, கருநிறத் தோலில் கறுப்பைக் கலந்தால் தோல் செத்துவிடும். நிழலில் கொஞ்சம் ஊதாவோ செம்பழுப்போ போகட்டும், வெளிச்சம் பட்ட நெற்றியிலும் கன்ன எலும்பிலும் வானத்தின் நீலம் லேசாக ஏறட்டும். மத்தியான வெயிலில் தனுஷ்கோடி மணலில் நிற்பவரின் தாடைக்குக் கீழே பாருங்கள், வெள்ளை மணல் வெளிச்சத்தை மேலே திருப்பி அடிப்பதால் அங்கே நிழலே சூடான நிறத்தில் இருக்கும். செயலியில் தயாராக வரும் 'தோல் நிறம்' என்ற ரோஜா வண்ணத்தைத் தொடாதீர்கள். நம் கையை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து எடுங்கள்.

### 4இ. பின்னணியில் கரைந்துபோகிறது

எங்கள் ஊர்ப் பழுது என்றே இதைச் சொல்லலாம். நீலச் சட்டைப் பையன், பின்னால் நீலக் கடல். சோதனை எளிது: எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயர் போட்டு கறுப்பால் நிரப்பி, அதன் பிளென்ட் முறையை 'கலர்' என்று மாற்றுங்கள். படம் முழுக்கக் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். ஆளும் கடலும் ஒரே சாம்பலாக இருந்தால் நிறத்தை மாற்றிப் பயன் இல்லை, வெளிர் அடர்த்தியை மாற்ற வேண்டும். கடலை வெளிர் ஆக்குங்கள், அல்லது சட்டையை அடர்த்தியாக்குங்கள். சிவப்புக்குப் பச்சை எதிர் நிறம்தானே, பச்சை வலைக்கு முன்னால் சிவப்புச் சட்டை போட்டால் போதாதா என்று கேட்பார்கள். இரண்டும் ஒரே அடர்த்தியாக இருந்தால் போதாது. அதிலும் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாத கண் உள்ளவர்கள், முக்கியமாக ஆண்களில், இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பையன் இருக்கவே மாட்டான்.

### 4ஈ. நிறம் சொல்வது தப்பாகப் புரிகிறது

வெள்ளை என்றால் தூய்மை, கறுப்பு என்றால் கெட்டது, பச்சை என்றால் பொறாமை என்று எங்கோ படித்த பட்டியலை வைத்து வண்ணம் போட்டால் இங்கே எடுபடாது. கதகளியில் பச்சை முகம் என்றால் உயர்ந்த நாயகன். ஏர்வாடி தர்காவுக்குப் போகிறவருக்குப் பச்சை பக்தியின் நிறம். வெள்ளை இன்னும் சிக்கல்: கணவரை இழந்த பாட்டி, கன்னியாஸ்திரி, கட்சிக்காரர், கீழக்கரையில் வெள்ளைத் துப்பட்டி போர்த்திய பெரியம்மா, எல்லாருக்கும் வெள்ளைதான். நிறத்துக்கு அர்த்தம் உங்கள் கதைக்குள் வர வேண்டும். முதல் பக்கத்தில் அம்மாவின் சேலை மஞ்சள், நாலாவது பக்கத்தில் அந்த மஞ்சள் தம்பிக்குத் தொட்டில், கடைசியில் அதே மஞ்சள் மகளின் பையில் ஒட்டுத்துணி. அந்தக் கதையில் மஞ்சள் என்றால் அம்மா, அதற்கு யாரும் பட்டியல் பார்க்க வேண்டாம்.

## அறிகுறி 5: "வந்ததுமே கெட்டவன்னு தெரிஞ்சிருது"

சிலர் இதைப் பழுதாகவே நினைக்க மாட்டார்கள். நான் இதைத்தான் மிகப் பெரிய பழுது என்று நினைக்கிறேன்.

சோதனை. வில்லனின் தோல் நிறம், தாடி, கைலி, தழும்பு, தொப்பை இவற்றை அப்படியே எடுத்து நாயகனுக்குப் போடுங்கள். நாயகனுடையதை வில்லனுக்குப் போடுங்கள். இப்போது கதை உங்களுக்கே உறுத்தினால், குணத்தை நீங்கள் வரையவில்லை, பிறப்பையும் வசதியையும் வரைந்திருக்கிறீர்கள்.

எளிய திருத்தம் தோல் நிறத்தில் தொடங்கும். நாயகன் வெளுப்பு, வில்லன் கறுப்பு என்று இருந்தால் இருவருக்கும் ஒரே நிறத்தைக் கொடுத்துவிட்டுப் பாருங்கள், வேறு எதாலும் பிரிக்க முடியவில்லை என்றால் மற்ற வேலையே நீங்கள் செய்யவில்லை. அடுத்தது, கெட்ட குணத்தை அவர் *செய்யும் தேர்வில்* காட்டுங்கள். வட்டிக்கு விடுபவர் ஒருவரை ஒரு தம்பி வரைந்தான், முதலில் மீசையும் தழும்பும் புலிநகச் சங்கிலியும். இரண்டாவது முறை: சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கரையில் எல்லாரும் வெறுங்காலோடு நிற்க இவர் மட்டும் ஈர மணல் படாமல் பலகை மேல் நிற்கிறார். அவர் சிரித்துக்கொண்டே இருக்கிறார், எனக்குப் பயமாக இருந்தது.

மதம், சாதி, ஊர் அடையாளம் உடையில் வரும்போது இன்னும் கவனம் வேண்டும். இந்தக் கரையில் தொப்பி போட்டவரும் ஜெபமாலை போட்டவரும் திருநீறு பூசியவரும் ஒரே படகில் போகிறார்கள். அவற்றில் ஒன்றை எடுத்து ஒரு குணத்துக்கு முத்திரையாக்கினால் அதைப் படிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் தங்கள் வீட்டு ஆளை அங்கே பார்ப்பார்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் அல்லாமல் நீங்கள் வரைந்தால், முடிக்கும் முன்பே கூப்பிட வேண்டும், கோட்டோவியமாக இருக்கும்போதே. ஒரு முறை கீழக்கரைப் பாத்திரம் ஒன்றுக்கு நான் துப்பட்டியைச் சேலை முந்தானை மாதிரித் தோளில் விட்டிருந்தேன். படத்தைப் பார்த்த லாத்தா (அங்கே அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), "இது துப்பட்டி இல்லம்மா, முந்தானை. துப்பட்டின்னா இப்புடிப் புடிக்கணும்" என்று எழுந்து நின்று கையால் பிடித்துக் காட்டினார். அந்தப் பிடியில் விரல் இருந்த இடம்தான் அப்புறம் அந்தப் பாத்திரத்தின் அடையாளமே ஆனது.

## அறிகுறி 6: "பத்தாவது பக்கத்துல வேற ஆளாயிட்டாங்க"

மாதிரித் தாள் இருக்கிறதா? முன், பக்கம், பின், முக்கால் பக்கம், நான்கையும் ஒரே உயரத்தில் ஒரே தாளில் வரைந்து, நிறங்களைக் கட்டம் கட்டமாக ஓரத்தில் ஒட்டி வையுங்கள். நிறத்தை நினைவிலிருந்து எடுக்காதீர்கள், அந்தக் கட்டத்திலிருந்து தொட்டு எடுங்கள்.

வரையவே முடியாத உடை கொடுத்துவிட்டீர்களா? கட்டம் போட்ட கைலி அழகுதான், ஆனால் நாற்பது படத்தில் நாற்பது விதமாக மடியும் கட்டத்தை வரைந்து பாருங்கள். கரையில் மட்டும் இரண்டு கோடு, நடுவில் ஒரே நிறம் என்று குறைக்கலாம். 1981-ல் வீடியோ கேமுக்காக மாரியோ பாத்திரத்தைச் செய்தபோது படத்துக்குக் கிடைத்த புள்ளிகள் மிகக் குறைவு. முடி அசைவதைக் காட்டுவது கஷ்டம் என்று தொப்பி, மூக்கு தெரிய மீசை, கை அசைவது தெரிய உடம்பு வேறு நிறம் கை வேறு நிறமாக ஓவரால் உடை. நம் பக்கத்தில் கார்ட்டூன் ஓவியர் ஆர்.கே. லக்ஷ்மணின் 'சாமானியர்' இருக்கிறார். 1951-லிருந்து வந்த அவருக்கு வேட்டி, கட்டம் போட்ட கோட்டு, கண்ணாடி, மீதிக் கொஞ்சம் முடி. ஒரு வார்த்தை பேசாதவர், இருந்தும் யாரும் அவரை வேறொருவர் என்று நினைத்ததில்லை. உங்கள் பாத்திரத்தை அரை நிமிஷத்தில், ஐந்து கோட்டில் வரைய முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் உடையைக் குறையுங்கள்.

காரணம் இல்லாமல் உடை மாறுகிறதா? மாறலாம். ஆனால் கதையில் ஏதாவது நடந்திருக்க வேண்டும்.

இருபது பக்கம் முடித்த பிறகு இந்தப் பழுதைக் கண்டுபிடித்தால் மனசு உடையும், உண்மைதான். முகம் பெரிதாகத் தெரியும் படங்களை மட்டும் முதலில் திருத்துங்கள், தூரத்துப் படங்களில் பெரும்பாலும் தெரியாது. பாதிக்கு மேல் மாற்ற வேண்டி வந்தால் இன்னொரு ஓவியரைக் காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்வது மலிவு.

## அறிகுறி 7: "போன்ல பளிச்சுன்னு இருந்துச்சு, அச்சுல செத்துப்போச்சு"

போன் திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால். திரையில் மின்னும் இளம்பச்சையும் அந்தப் பளீர் நீலமும் நாலு மை கலந்த அச்சில் வராது. நம் கடல் நிறமே அதுதான் என்பதால் இங்கே வரைகிற எல்லாருக்கும் இது அடிபடும். பாத்திரத்தின் அடையாள நிறமாக அந்த நீலத்தை வைக்காதீர்கள். கணினி கிடைத்தால் கிரிட்டா என்ற வரைகிற செயலி இலவசம், அதில் அந்த நாலு மைக் கணக்கான சி.எம்.ஒய்.கே.-க்கு மாற்றி எவ்வளவு மங்குகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். படம் அச்சு அளவில் 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்கட்டும். கோடுகள் நாலு மையும் கலந்த கறுப்பாக இல்லாமல் தனிக் கறுப்பாக இருக்கட்டும், இல்லையென்றால் அச்சுத் தகடு ஒரு மயிரிழை விலகினாலும் முகத்தைச் சுற்றிச் சாயம் தெரியும்.

இதற்கு மேல் நீங்களாக முயற்சி செய்ய வேண்டாம், அச்சகத்துக்காரரைக் கூப்பிடுங்கள். தாள் பூச்சில்லாத மேப்லித்தோவா, வழவழப்பான ஆர்ட் பேப்பரா என்று முதலில் கேளுங்கள், மேப்லித்தோ மையை உறிஞ்சி இன்னும் மங்கும். எல்லாப் பக்கமும் ஓட்டும் முன், எல்லாப் பாத்திரமும் சேர்ந்து நிற்கிற ஒரே ஒரு பக்கத்தை அதே தாளில் புரூஃப் (மாதிரி அச்சு) எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் ஒரு தரம், விளக்கு வெளிச்சத்தில் ஒரு தரம் பாருங்கள். கருநிறத் தோல் உள்ள முகங்களில் கண்ணும் வாயும் நிழலும் தனித்தனியாகத் தெரிகிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. தெரியவில்லை என்றால் தோலை ஒரு படி வெளிர் ஆக்கச் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள், பின்னணியையும் முடியையும் மாற்றித் தருகிறேன் என்று சொல்லி ஒரு நாள் அவகாசம் கேளுங்கள்.